கோணச்சந்து குடிவந்தது

கோணச்சந்து தென்னந்தோப்பு நகருக்குக் குடிவந்ததை முதலில் பார்த்தவர் பால்காரர்தான். ஆனால் அவருக்குப் பால் ஊற்றுகிற அவசரம், அதனால் அதை ஒரு சேதியாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கமாகப் பெரிய ரோட்டுப் பக்கமிருந்து மணியடித்துக்கொண்டு வருகிறவர் அன்றைக்குச் சுவர்ப் பக்கமிருந்து வந்தார். கடைசி வீட்டு வாசலைத் தெளித்துக்கொண்டிருந்த சுலோச்சனா வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங், அக்கட்டால இருந்து வர்றீங்? அங்க செவுரல்லங்க?"

"சந்து இருந்துச்சுங். வந்தனுங். இன்னிக்கு அரை லிட்டருங்களா, ஒரு லிட்டருங்களா?"

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோயம்புத்தூர் வெளியே வெளியே என்று வளரத் தொடங்கிய காலத்தில், தோப்பை வாங்கியவர் தோப்பை வெட்டிவிட்டுத் தென்னந்தோப்பு நகர் என்றும், பூந்தோட்டத்தை வாங்கியவர் பூவையெல்லாம் வழித்துவிட்டுப் பவளமல்லி அவென்யூ என்றும் பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவரும் தான் வாங்கிய நிலத்துக்குள் மட்டும் தெருப் போட்டு, அத்தனை தெருவையும் ஒரே வாய் வழியாகப் பெரிய ரோட்டில் கொண்டுபோய்க் கொட்டி, அடுத்தவன் நிலம் தொடங்குகிற இடத்தில் சுவரெழுப்பி, விற்று முடித்து, அடுத்த தோப்பைத் தேடிப் போய்விட்டார்கள். ஒரு தெரு இன்னொரு தெருவில் போய்ச் சேர வேண்டும் என்கிற சின்ன விஷயம் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதற்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை போட்டிருப்பார்கள். இப்படித்தான் ஊர் வாய் குறுகிய பாட்டில்களை வரிசையாக அடுக்கினதுபோல் வளர்ந்தது. ஒரு பாட்டிலுக்குள்ளிருந்து அடுத்த பாட்டிலுக்குள் போக வேண்டுமென்றால் கழுத்து வழியாக வெளியே வந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நசுங்கி, பைபாஸைச் சுற்றி, அடுத்த கழுத்து வழியாக உள்ளே நுழைய வேண்டும். இதற்குப் பெயர் வளர்ச்சி.

சுலோச்சனாவின் மகள் அறிவுக்கொடிக்கு இந்தப் பேச்சை எடுத்தாலே மூக்கு சிவந்துவிடும். எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. கறுப்புச் சட்டைக்காரத் தாத்தா வைத்த பெயர், வீட்டில் அறிவு. அவள் படிக்கிற கல்லூரி பவளமல்லி அவென்யூவைத் தாண்டினவுடனே இருந்தது, எவ்வளவு பக்கத்தில் என்றால் அங்கே மணியடித்தால் சுலோச்சனா இங்கே குக்கரை இறக்குவாள். ஆனால் அந்த மணிக்குப் போய்ச் சேர அறிவு இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால். வராத நாட்கள் சேர்ந்து சேர்ந்து அட்டெண்டன்ஸ் கீழே போய், துறைத்தலைவி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "கண்டொனேஷன் எல்லை வரைக்கும் வந்தாச்சும்மா. இனி ரெண்டு நாள் வகுப்பு விட்டா நான் என்ன பண்ணாலும் பரீட்சை எழுத முடியாது." சுலோச்சனா பாவம், கெட்டவள் இல்லை. மகளின் பாதி வாழ்க்கை பஸ் நிறுத்தத்தில் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், தாராபுரத்திலிருந்து வந்த ஒரு ஜாதகத்தை அலமாரியில் புடவைக்கடியில் வைத்திருந்தாள். வருடம் போனால் ஜாதகம் வெளியே வரும் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

பால்காரர் போன பிறகு தெருவே கூடிவிட்டது. முட்டுச்சந்தாக இருந்த தங்கள் தெருவின் முடிவில், சுவர் இருந்த இடத்தில், சுவர் இன்னும் இருந்தது. ஆனால் பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி வந்தால் முழங்காலை ஒதுக்கி வழிவிடுகிறவர்களைப்போல இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒதுங்கி நின்றது, அந்த இடைவெளியில் ஒரு பழைய சந்து உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்திருந்தது. இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் ஒரு குழாய், பகலில் எரிந்து ராத்திரியில் அணைகிற ஒரு டியூப் லைட், நடுவில் காரணமே இல்லாத ஒரு வளைவு, காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை.

"அல்லா! இது நம்ம கோணச்சந்து ஆச்சே!" என்றாள் எதிர்வீட்டுக் கமருன்னிசா. அவள் டவுனில் பிறந்து வளர்ந்தவள். "இந்த வளைவுலதான் எங்கண்ணன் சைக்கிளோட விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டான். மேம்பாலத்துக்குன்னு ரெண்டு பக்கமும் வீட்டையெல்லாம் இடிச்சுட்டாங்கல்ல? வீடில்லாம வெட்டவெளியில ஒரு சந்து எப்படிக் கெடக்கும், சொல்லுங்க. சாஞ்சுக்க ரெண்டு செவுரு தேடி வந்திருக்குது."

இந்த விளக்கம் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அதற்கப்புறம் ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. டவுனில் இடம் போனவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்தார்கள், சந்து மட்டும் வேறு எங்கே போகும். கேட்க வேண்டியவை வேறு இருந்தன. குழாயில் தண்ணீர் பழைய டவுன் நேரத்துக்குத்தான் வருமா, இல்லை இந்த ஏரியா நேரத்துக்கு மாறிக்கொள்ளுமா? சந்துக்குள் பைக் நிறுத்தலாமா? சாக்கடையை யார் வாருவது? வீடு தேடி விருந்தாளியாக ஒறம்பரை வந்தால் சும்மா விடக்கூடாது என்று ஒருத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இன்னொருத்தி அதன் வளைவில் கோலம் போட்டாள், கோலமும் கோணிக்கொண்டது. எந்த அலுவலகத்திலிருந்தோ வந்த ஒருவர் சந்தின் நடுவில் நின்று, "எங்க கணக்குல இந்தச் சந்தை இடிச்சாச்சுங்க. இடிச்ச சந்து இங்க இருக்க முடியாது" என்று அழுத்தம்திருத்தமாகச் சொல்லிவிட்டு, வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்ததால் அதன் வழியாகவே நடந்து போனார்.

அறிவு முதல் நாளே அதில் நடந்தாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்பித்தான் போக முடியும், அவ்வளவு ஒடுக்கம். தோளைத் திருப்பும்போது எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஊருக்கு ஒன்று தெரியவந்தது. பவளமல்லி அவென்யூ வீடுகளில் சமைக்கிற, துடைக்கிற, கேட்டில் நிற்கிற ஆட்களில் பாதிப் பேர் தென்னந்தோப்பு நகர்க்காரர்கள். தங்கள் மொட்டைமாடியிலிருந்து கைநீட்டினால் தொடுகிற தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே வேலைக்குப் போக அவர்கள் இத்தனை வருடமும் விடியுமுன்னே கிளம்பி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுவர் என்று ஒன்று இருந்ததால் இது யாருக்கும் அநியாயமாகத் தெரியவில்லை. சுவர் ஒதுங்கின பிறகுதான் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக, தாமதமாக, கோபம் வந்தது.

அறிவுக்கு வகுப்பு தவறவில்லை. துறைத்தலைவி அவளை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். புடவைக்கடியில் இருந்த ஜாதகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

ஆனால் சந்துக்கு ஒரு வால் உண்டு. அது பவளமல்லி அவென்யூவில், நலச்சங்கத் தலைவர் சென்னியப்பன் வீட்டுக் கேட்டுக்கு நேரெதிரே போய் முடிந்தது. சென்னியப்பன் நூல்மில்லுக்கு மோட்டார் விற்றுப் பெரிய ஆளானவர், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் காரை எடுக்கிற மனுஷன். ஆனால் தன் காரில் ஏறி வருகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும், தானாக நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் சந்தேகம். "வர்றவன் போறவனெல்லாம் நொழையறதுக்கு இது என்ன சந்தைப்பேட்டையா?" என்று சங்கத்தில் கேட்டார். அவர் மனைவி துளசிமணி, "நம்மூட்டு வேலைக்கு ராசாத்தி இப்பத்தானுங்க நேரத்துல வர்றா" என்றாள். அதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

வாஸ்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். வீட்டுவாசலுக்கு நேராக ஒரு தெரு வந்து முட்டினால் அதற்குப் பெயர் தெருக்குத்து, அந்த வீட்டில் எதுவும் நிலைக்காது, ஆகவே முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை வைத்துவிட வேண்டும், அவர் அத்தனை குத்தையும் தொந்தியில் வாங்கிக்கொள்வார். இதைக் கேட்டவுடன் சென்னியப்பனுக்கு முகம் மலர்ந்தது. குத்தும் நிற்கும், சந்தும் அடையும். அதிலும் சாமியை வைத்து அடைத்துவிட்டால் எந்தக் கோர்ட்டு, எந்தக் கட்சி, எந்த அதிகாரி வந்து கை வைப்பான்? சந்தின் அகலத்துக்குச் சரியாக அளவெடுத்து மேடை கட்டி, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், இரண்டு பக்கமும் இடுக்கில்லாமல் கம்பி கிரில், நடுவில் கறுத்த கல்லில் கனத்த பிள்ளையார். அஷ்டபந்தன மருந்து சாத்திக் கும்பாபிஷேகமும் நடந்தது. தென்னந்தோப்பு நகருக்கு ஒரு தூக்குவாளி சக்கரைப் பொங்கல் பெரிய ரோட்டைச் சுற்றி வந்து சேர்ந்தது.

"செவுருன்னா சண்டை போடலாம்," என்றாள் கமருன்னிசா. "சாமியை என்ன பண்றது?"

சந்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நடக்க ஆளில்லாத சந்து எதைத் தின்னும்? டியூப் லைட் பகலிலும் எரியவில்லை. குழாய் இருமிவிட்டு நின்றது. காப்பி வாசனை போய் ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. ஓரங்களில் தார் மெல்லச் சுருண்டு எழும்பியது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்ததும் பாயை ஓரத்திலிருந்து மடக்குவார்களே, அந்த மாதிரி. சந்து மூட்டை கட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆம்பிளைகள் சும்மாவாவது அதற்குள் போய் பீடி பிடித்துவிட்டு வந்தார்கள். பிள்ளைகளைப் பந்தோடு துரத்தி உள்ளே அனுப்பினார்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும், மறுநாள் இன்னும் கொஞ்சம் சுருண்டிருக்கும்.

அறிவு பழையபடி இரண்டு பஸ்ஸுக்கு நின்றாள். ஒருநாள் இரண்டாவது பஸ் வரவில்லை. இன்னொரு நாள் வராமல் இருந்தால் கதை முடிந்தது.

"விட்டுரு கண்ணு," என்றாள் சுலோச்சனா. "படிச்சவரைக்கும் போதும். பஸ்ஸுக்கு நின்னு நின்னே உனக்கு வயசாயிரும்."

"அம்மா, எனக்கு மார்க் கொறைஞ்சு பரீட்சை போச்சுன்னா நானே வாயை மூடிட்டு தாராபுரம் போறேன். ஒருத்தர் ஊட்டு வாசல் மேல தெரு குத்துதுன்னு என்ற பரீட்சை போறதுன்னா போகமாட்டேன்." அலமாரியைப் பார்க்காமலே சொன்னாள்.

சென்னியப்பன் ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டிருந்தார், அதை அவருக்கு எடுத்துச்சொல்லச் சங்கத்தில் யாரும் இல்லை, எல்லோரும் அவர் வைத்த ஆட்கள். தெருக்குத்துப் பிள்ளையார் தெருவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், வீட்டைப் பார்த்து உட்கார்ந்தால் குத்தை யார் வாங்குவது? ஆகவே பிள்ளையார் சந்தைப் பார்த்து, அதாவது தென்னந்தோப்பு நகரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கல்லுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் கொடுத்த பவளமல்லி அவென்யூவுக்குக் கிடைத்தது அவருக்குப் பின்னால் எழுப்பின சுவர், அதில் பூசின டிஸ்டெம்பர். துளசிமணி மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்கு அருகம்புல் மாலை சாத்திச் சுற்றி வருவதாக வேண்டியிருந்தாள். முதல் சதுர்த்தியன்று சாயங்காலம் மாலையோடு கேட்டைத் திறந்து வந்து சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "காரை எடுங்க" என்றாள்.

பெரிய ரோடு, சிக்னல், பைபாஸ், திரும்ப இடமில்லாமல் நேரே போய் ஒரு திருப்பம், மறுபடியும் பெரிய ரோடு. தென்னந்தோப்பு நகரின் கடைசி வீட்டு முன்னால் கார் வந்து நின்றபோது அருகம்புல் துவண்டிருந்தது, துளசிமணியின் முழங்காலும் துவண்டிருந்தது. சந்தின் சுருண்ட தாரைக் காலால் அமுக்கிக்கொண்டு அறிவும் ராசாத்தியும் கமருன்னிசாவும் நின்றிருந்தார்கள். துளசிமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், மாலையைச் சாத்தினாள், கும்பிட்டாள், வலப்பக்கம் திரும்பி நடந்தாள், கிரில்லில் முட்டிக்கொண்டாள்.

"எப்படிங்க சுத்தறது?"

"நின்ன எடத்துலயே மூணு சுத்து சுத்திக்கோ," என்றார் பின்னாலேயே வந்த சென்னியப்பன். "ஆத்மப் பிரதட்சணம்னு சாஸ்திரத்துலயே இருக்குது."

"இருக்குதுங்க சார்," என்றாள் அறிவு. "அது எடமில்லாத கோயிலுக்கு. எடத்தை அடைச்சுட்டு எடமில்லைன்னு சொல்றது எந்தச் சாஸ்திரத்துல இருக்குதுங்க?"

"நீ ஆரு அம்மிணி? கறுப்புச்சட்டை வீட்டுப் புள்ளையாமா? நீங்கதான் சாமியே கும்பிட மாட்டீங்களே."

"கும்பிட மாட்டேனுங்க. அதனாலதான் எனக்குப் பயமில்லாம கண்ணு தெரியுது. அம்மா ஊரையே சுத்தி வந்துட்டாங்க, சாமியைச் சுத்த முடியலை. திருப்பி வெச்சா உங்களுக்குக் குத்து. இப்படியே வெச்சா சாமி மொகம் எங்களுக்கு, செவுரு உங்களுக்கு. நியாயமாப் பார்த்தா நான் சந்தோசப்படணும்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சென்னியப்பன் குரலைத் தாழ்த்தி, நியாயம் பேசுகிறவர்போலச் சொன்னார்: "தொறந்து விட்டுட்டா நாளைக்குத் திருடு போகும். ஆரு பொறுப்பு?"

"உங்க ஊட்டுச் சாவி எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டாள் அறிவு.

சென்னியப்பன் சட்டைப்பையைத் தொட்டார். ராசாத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினாள். "அம்மாதான் குடுத்து வெச்சாங்க. எப்பவும் என்றகிட்டத்தான் இருக்கும்." சிரிப்பு சந்துக்குள் நுழைந்து வளைவில் திரும்பி ஓடியது, எல்லோரும் பார்க்க, டியூப் லைட் ஒரு தடவை கண்ணடித்தது.

துளசிமணி சிரிக்கவில்லை. "உனக்கு இதுல என்ன அம்மிணி?" என்று அறிவைக் கேட்டாள்.

"காலேஜ் அக்கட்டால இருக்குதுங்கம்மா. இன்னும் ஒருநாள் விட்டா பரீட்சை எழுத முடியாதுங்க."

இவ்வளவு நேரம் வாதாடினவள் இதைச் சொல்லும்போது மட்டும் வாதாடவில்லை. துளசிமணி அவளைப் பார்த்தாள், பிள்ளையாரைப் பார்த்தாள், பிறகு பிள்ளையார் முன்னால் தரையில் முழங்காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ, எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வேண்டுனது வேண்டுனதுதானுங்க. சுத்தாம எந்திரிக்க மாட்டன். கார்லயும் ஏற மாட்டன். இங்கிருந்து அக்கட்டால எறங்கி, நடந்து, என்ற ஊட்டுக் கேட்டுக்குப் போவன். நெலா வர்றதுக்குள்ள பண்ணுனீங்கன்னா வெரதம் முடிச்சு உங்களுக்குஞ் சேத்து ரெண்டு இட்லி சுடுவன். இல்லீன்னா ரெண்டு பேருமே பட்டினி."

சென்னியப்பன் சங்கத்தை யோசித்தார், சாஸ்திரத்தை யோசித்தார், இட்லியை யோசித்தார், தரையில் உட்கார்ந்திருக்கிற மனைவியை ஊரே பார்ப்பதை யோசித்தார். கொத்தனாருக்குப் போன் போட்டார். கொத்தனார் தென்னந்தோப்பு நகர்க்காரர், கூட்டத்திலேயே நின்றிருந்தார், போன் அவர் சட்டைப்பையில் அடித்தது.

கிரில்லை அறுத்தார்கள், பின்சுவரை இடித்தார்கள், பிள்ளையாரை ஒருவரும் தொடவில்லை. கடைசிச் செங்கல் விழுந்ததும் கோணச்சந்து ஒரு பெருமூச்சு விட்டது, ஆட்டை விழுங்கின மலைப்பாம்புபோல அந்த இடத்தில் மட்டும் வயிறு பருத்து, பிள்ளையாருக்கு இரண்டு பக்கமும் வழி விட்டது. துளசிமணி முன்னால் நடந்தாள். பின்னால் ராசாத்தி, அதற்குப் பின்னால் சுலோச்சனா, பிறகு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் யார் யாரோ. சுற்றில் பாதி தென்னந்தோப்பு நகரில், பாதி பவளமல்லி அவென்யூவில். கூட்டம் நகர்ந்து நகர்ந்து வந்ததில் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று சென்னியப்பனுக்குப் பிடிபடவில்லை. கமருன்னிசா சுற்றவில்லை, குழாயடியில் நின்று குடத்தை வைத்துப் பார்த்தாள், தண்ணீர் வந்தது. அறிவும் சுற்றவில்லை. அவள் நேராகப் போய், அந்தப் பக்கத்து மண்ணில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

வட்டமாகிப்போன வழி இப்போது யார் வாசலையும் குத்தவில்லை என்று வாஸ்துக்காரரே வந்து எழுதிக் கொடுத்தார். யோசனை தன்னுடையதுதான் என்று சென்னியப்பன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறிவு அதை மறுப்பதில்லை. வழி இருக்கிறது, அதற்கு யார் வேண்டுமானாலும் அப்பனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பரீட்சையன்று காலையில் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அறிவு வெளியே வந்தபோது தெரு முழுக்கச் சத்தம். டவுனில் மேம்பாலம் இன்னும் நீண்டிருந்தது. இடம் போன சந்துகளெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தன. மாவுமில் சத்தத்தோடு ஒன்று, துணிக்கொடியில் ஈரச்சேலை காய ஒன்று, பள்ளிவாசல் நிழலையும் தூக்கிக்கொண்டு வந்த ஒன்று, வெட்கப்பட்டு டிரான்ஸ்ஃபார்மர் பின்னால் ஒளிந்த ஒன்று. பெரிய ரோட்டோரத்தில் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நாலாபக்கத்து நகர்களிலிருந்தும் வந்த ஜனங்கள், எது எங்கே படுப்பது, எந்தச் சுவர் ஒதுங்குவது என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அறிவம்மிணி வருது, அதைக் கேளுங்க!" என்று யாரோ சொல்ல, சத்தம் அடங்கியது. சந்துகளும் அவள் பக்கம் திரும்பின.

அறிவு வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். சுற்றிலும் இருந்த சுவர்களை அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"மத்தியானம் பரீட்சை முடிஞ்சு வந்தர்றேன்," என்றாள். "அதுவரைக்கும் யாரும் திரும்பிப் போயிராதீங்க. செவுரு நெறைய இருக்குது."